திறந்து விட்ட காயம்

“வெட்டின காயத்தைத் திறந்து விட்டால் அது எப்பிடி மாறும்? நீ விஞ்ஞானம் படிச்சனீதானே, சொல்லு பாப்பம்.”

பக்கத்து வளவு றொபேட் மாமா என்னிடம் இப்படிக் கேட்டார். அறுபத்தெட்டாம் ஆண்டு மாரி அது. க.பொ.த. சோதனை எழுதிவிட்டு, வேலையும் இல்லாமல், வீட்டில் இருக்கவும் பிடிக்காமல், மனையாவெளிக் கடற்கரையில் அலைந்துகொண்டிருந்தேன். தவளையின் இருதயத்தை வரைந்து பாகங்களுக்குப் பெயர் எழுத எனக்குத் தெரியும். மனிதக் காயம் எப்படி ஆறுகிறது என்பது தெரியாது. தெரியாதென்றே சொன்னேன்.

“அப்ப நானும் நீயும் ஒரே வகுப்புத்தான்,” என்றார்.

றொபேட் மாமா மீன்பிடிகாரர்களுக்குள் பிறந்தும் கடலுக்குப் போகாதவர். வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றிச் சத்தி எடுப்பார். கரையில் நின்று மீன் பிடிக்கிறவன் என்று அவரைப் பகிடி பண்ணுவார்கள். ஆனால் வலை கிழிந்தால் எல்லோரும் அவரிடம்தான் வரவேண்டும். பருத்தி நூல் போய் நைலோன் வந்தபோது, முடிச்சு வழுக்குகிறது என்று மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவரோ ஒரு மாரி முழுக்கக் குந்தியிருந்து புது முடிச்சைப் பழகினார். ஓட்டையோடு ஒரு வலையும் அவர் கையை விட்டுப் போனதில்லை. பெருநாளன்றும் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சேட்டைக்கூடக் கழற்றாமல் வலைக்கு முன்னால் இருந்துவிடுவார்.

அவருடைய மனைவி மக்டலின் மாமிக்கு அந்த மாரியில் அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டது. வயிற்றுக்குத்தை வாயு என்று நினைத்து உள்ளியும் இஞ்சியும் அவித்துக் குடித்ததில் நாள் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் வயிற்றுக்குள் பரவியிருந்த கிருமி காயத்துக்கும் வந்தது. இழை போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டியது. டொக்டர் இழைகளை வெட்டிக் காயத்தைத் திறந்து, சீழை எடுத்து, மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியை உள்ளே வைத்துவிட்டார். காய்ச்சல் விட்டதும், நாள்தோறும் வந்து துணி மாற்றவேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தத் திறந்த காயத்தைத்தான் மாமாவால் பார்க்க ஏலாமல் இருந்தது. “வலை கிழிஞ்சால் கட்டுறம், சீலை கிழிஞ்சால் தைக்கிறம். மனிசியின்ர வயித்தை மட்டும் பிளந்தபடி விட்டிருக்கினம்,” என்றார். மாமியின் தமக்கை திரேசம்மாவும், அரைவேலையில் அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்லித் திரிந்தார்.

மழை விடாமல் பெய்த ஒரு நாள் கிளினிக்குக்குப் போகவில்லை. மாமா பிளாஸ்டர் வாங்கி வந்தார். அதை நாடா நாடாவாக வெட்டினார். உள்ளே இருந்த துணியை எடுத்துவிட்டு, காயத்தின் இரண்டு விளிம்பையும் இழுத்துச் சேர்த்து ஒட்டினார். வலைக்கண் போல எல்லாம் ஒரே இடைவெளி. என் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“உள்ளுக்குள்ள இழுக்குதப்பா,” என்றார் மாமி.

“இழுக்கத்தானே வேணும். பொருந்துது,” என்றார் மாமா.

அடுத்த நாள் மாமிக்குக் குளிரும் நடுக்கமும் வந்தன. காயத்தைச் சுற்றித் தோல் சிவந்து இடுப்புப் பக்கம் படர்ந்தது. பேச்சும் தடுமாறியது. அயலில் இருந்த ஸஹாப்தீன் காக்காவின் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாட்டில் தாதி கமலேஸ்வரி மிஸி பிளாஸ்டரைக் கழற்றியதும் சீழ் பீறிட்டது.

“ஆர் இதை ஒட்டினது?”

“நான்தான் மிஸி.”

“உங்கட வலையை நான் வந்து கட்டினால் விடுவீங்களோ?”

“நீங்கள் கட்டினால் மீனெல்லாம் சிரிக்கும்.”

“இப்ப கிருமியெல்லாம் சிரிக்குது. காயம் அடியில இருந்து சதை வளர்ந்துதான் மேல வரவேணும், அண்ணை. நீங்கள் மேல மூடிவிட்டால் சீழ் எங்கால போறது?”

டொக்டர் செத்த சதையை வெட்டி எடுத்தார். பெனிசிலின் ஊசி ஏற்றத் தொடங்கினார்கள். மிஸி ஒரு பேனையை எடுத்து, சிவப்பு முடிகிற இடத்தில் தோலின் மேல் சுற்றிவரக் கோடு கீறினார்.

“சிவப்பு இதைத் தாண்டினால் உடன கூப்பிடுங்கோ. இரத்தத்தில ஏறினால் பிறகு கஷ்டம்.”

மாமா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செபமாலை கையில் இருந்தது, உருட்டவில்லை. ஓரிடத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியபோது எழும்பி ஓடினார். ஊசி மருந்தை மாற்றினார்கள். மறுநாள் நான் போனபோது, “குறைஞ்சிருக்கோ, இல்லாட்டி எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ? நீ பார்,” என்றார். கோட்டுக்கு உள்ளே ஒரு விரலகலம் வெளுத்திருந்தது. சொன்னேன். திரும்பவும் பார்க்கச் சொன்னார்.

பிறகு வாட்டு வாசலில் நின்று சொன்னார்: “நானும் கட்ட முதல் நைஞ்ச நூலையெல்லாம் வெட்டி, ஓட்டையைப் பெரிசாக்கிறனான். நைஞ்ச நூலில முடிச்சு நிக்காது. அதை இவவின்ர வயித்தில மட்டும் மறந்துபோனன்.”

வீட்டுக்கு வந்த பிறகு, மழையோ வெயிலோ, மாமியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். போக ஏலாத நாளில் மிஸி பழக்கியபடி முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியைத் தானே மாற்றினார். மீன் கிரந்தி, காயத்தைப் பழுக்க வைக்கும், கொடுக்கக்கூடாது என்று திரேசம்மா தடுத்தபோது, “டொக்டர்தான் மீனும் முட்டையும் குடுக்கச் சொன்னவர், மச்சாள். அவரோட போய்ச் சண்டை பிடியுங்கோ,” என்றார்.

ஒரு நாள் மாமி அழுதார். “ஒவ்வொரு நாளும் நோகுது. மேல மூடிவிடுங்கோவன்.”

மாமாவின் கை நின்றது. ஒரு கிழிசலையும் விட்டுவைக்காத கை அது. பிறகு துணியை நனைத்து, மெல்ல உள்ளே வைத்தார். “அது தானா மூடட்டும், மக்டலின்,” என்றார். வலைக்காரர்கள் படலையில் நின்று கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

காயக் குழி கிழமைக்குக் கிழமை ஆழம் குறைந்தது. வைக்கிற துணியும் சிறுத்துக்கொண்டே வந்தது. உயிர்ப்புப் பெருநாளுக்கு முன்னம் மேல்தோல் மூடிவிட்டது. மாமி பெருநாள் பூசைக்கு நடந்தே போனார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒப்பரேசன் செய்த காயத்தைத் திறந்துவிட்டார்களே என்று மனம் பொறுக்காமல் இருக்கிற ஒரு வீடு உங்கள் ஊரிலும் இருக்கும். அந்த வீட்டுக்குப் போய், றொபேட் மாமாவின் கதையைச் சொல்லுங்கள்.