குளத்திலிருந்து அறை வரைக்கும்

கப்பல் பயணம் என்றதும் மற்றவர்கள் வாந்தி வருமா, சோறு கிடைக்குமா, இணையம் இருக்குமா என்று கேட்பார்கள். என் அண்ணி கேட்டது வேறு. நீச்சல் குளத்தில் குளித்துவிட்டு அறைக்குத் திரும்பும்வரை என்ன உடுத்திக்கொள்வது என்று கேட்டார். ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. புறப்படும் நாள்வரை, தேத்தண்ணி ஊற்றும்போதும் துணி மடிக்கும்போதும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றார்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் காலமாகி ஓராண்டு முடிந்திருந்தது. ஈப்போவில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். பினாங்கில் ஏறிக் கடலில் சில நாள் சுற்றிவிட்டுத் திரும்ப அங்கேயே வந்து இறங்கும் கப்பல் ஒன்றுக்கு என் மகள் டிக்கெட் எடுத்தாள். அவளுக்கு, எனக்கு, அவளுக்கு அத்தையான அண்ணிக்கு. என் வீட்டுக்காரர் தரையை விட்டுக் காலை எடுக்கமாட்டார். "நான் வீட்டையும் நாயையும் பாத்துக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்கலா" என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கப்பல்காரர்கள் அனுப்பியிருந்த விதிகளை மகள் படித்துக் காட்டினாள். நீச்சலுடையோடு சாப்பாட்டுக் கூடத்துக்கோ லிஃப்டுக்கோ வரக்கூடாது. மேலே எதையாவது போர்த்தியிருக்க வேண்டும். காலில் செருப்பு இருக்க வேண்டும். எனக்கு இதில் குழப்பமே இல்லை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் எங்கள் பக்கத்தில் அது முழு உடை. ரொட்டிக்காரரின் ஹார்ன் கேட்டால் அப்படித்தான் ஓடுகிறோம், குப்பை லாரியை அப்படித்தான் துரத்துகிறோம். துண்டு இல்லாத நைட்டிதான் அரைகுறை. துண்டு ஏறிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

"அம்மா, அது கப்பல். பாசார் மாலாம் இல்ல" என்றாள் மகள், எங்கள் தெருவோர இரவுச் சந்தையைச் சொல்லி.

அவள் அண்ணிக்கு முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சலுடை ஒன்று வாங்கி வந்தாள். மலாய்ப் பெண்கள் போடுவார்களே, அந்த மாதிரி. கறுப்பில் சின்னச் சின்ன ஊதாப் பூ. அண்ணிக்குப் பிடித்திருந்தது. தோள்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். அண்ணன் போனதிலிருந்து அவர் கண்ணாடி முன்னால் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. பிறகு திரும்பி, "நனைஞ்சா இது ஒடம்போட ஒட்டும்ல? அப்புறம் எப்படி ரூமுக்கு வர்றது?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இவர் எஸ்டேட்டில் பிறந்தவர். லயத்து வரிசை வீட்டுப் பெண்களோடு கைலியை மாரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு ஆற்றில் குதித்தால் அக்கரையில்தான் தலையைத் தூக்குவாராம். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தபின் வாளித் தண்ணீர்தான். கப்பலின் விளம்பரப் படத்தில் அந்தக் குளத்தைப் பார்த்ததுமே, "ஒரு தடவ எறங்கிப் பாக்கணும்" என்று அவராகத்தான் சொன்னார். கணவன் போன பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை அது. அதனால்தான் நானும் மகளும் அவரைவிட அதிகமாக அதற்கு ஆசைப்பட்டோம். இவரோ தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரிலிருந்து வெளியே வருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஈப்போவில் ரயில் ஏறினோம். பாரிட் புந்தார் தாண்டும்போது வயல்களில் நாற்றுக்கு விட்ட தண்ணீர் நின்றது. வானம் முழுக்க அதற்குள் கிடந்தது. அண்ணி ஜன்னலில் நெற்றியை வைத்து, ரயில் தண்ணீரின் மேலே போவதுபோலவே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது.

கப்பலில் எங்கள் அறை சின்னது. அலமாரியைத் திறந்தால் வெள்ளை வெளேர் என்று கனமான குளியல் அங்கிகள் தொங்கின. "பாருங்க அத்தை, இதுதான். குளத்திலேருந்து இதப் போட்டுக்கிட்டு நேரா வந்திரலாம். எல்லாரும் இப்படித்தான் வருவாங்க" என்றாள் மகள், பெரிய புதிரை அவிழ்த்துவிட்டவள் மாதிரி. அண்ணி அந்தத் துணியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அலமாரியை மூடினார். வெள்ளை. எனக்கு உடனே உறைத்தது, மகளுக்கு உறைக்கவில்லை. அண்ணன் இறந்தபோது வெள்ளைச் சேலை வேண்டாம் என்று பெரியவர்களிடம் சண்டை போட்டவளே நான்தான். சண்டையில் பாதிதான் ஜெயித்தேன். வெள்ளை வரவில்லை. ஆனால் இந்த ஓராண்டாக அண்ணி சாயம் போன நிறங்களைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

அன்று மாலை அண்ணி காய்ந்த துணியோடு அந்த வழியை நடந்து பார்த்தார். குளத்துப் படியிலிருந்து கண்ணாடிக் கதவு, கதவிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து நீண்ட தாழ்வாரம், தாழ்வாரத்தின் முடிவில் எங்கள் அறை. எங்கே ஆட்கள் கூடுகிறார்கள், எந்த நேரத்தில் கூட்டம் குறைகிறது என்றெல்லாம் பார்த்து வைத்தார். மறுநாளும் நடந்தார். குளக்கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கிள்ளானிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் தண்ணீரில் அமர்க்களம் செய்துகொண்டிருந்தது. அவர்களைப் பார்த்து அண்ணி சிரித்தார். இறங்கவில்லை.

கடைசி நாள் கப்பல் எங்கும் நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் கண் சொக்கியது. கடலும் வானமும் ஒரே சாம்பல் வெளிச்சத்தில் கரைந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கடல் அசைந்தால் குளமும் மெல்ல அசைந்தது. தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, கொஞ்சம் யோசித்து, மறுபக்கம் இறங்கியது. கடலுக்கு மேலே தூக்கிவைத்த ஒரு தொட்டில் அது. குளத்தில் யாரும் இல்லை. மகள் எங்கோ பாட்டுப் பாடும் போட்டிக்குப் போயிருந்தாள். நான் நைட்டியும் துண்டுமாகச் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். அண்ணி அந்தப் பூப்போட்ட நீச்சலுடைக்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு எறங்கிடுவோம் அண்ணி. இதுக்கா இவ்வளவு வெக்கம்?" என்றேன்.

"வெக்கமெல்லாம் இல்லமா" என்றார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடேசியா நாலு பேரு முன்னால நனைஞ்சது ஒங்க அண்ணன் கருமாதி அன்னைக்குத்தான்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"வீட்டுக்குப் பின்னால நிக்க வெச்சு ஒவ்வொருத்தரா தலையில தண்ணி ஊத்துனாங்க. அது கூடப் பரவால்ல, தண்ணிதானே. அப்புறம் அந்த ஈரச் சேலையோட கூடத்துல நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. யாரும் என் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு எல்லாரும் வழி விட்டுச் சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. என் சொந்தத் தம்பி கூட. பிள்ளைங்கள வெளிய அனுப்பிட்டாங்க. சொட்டச் சொட்ட நான் ஒருத்தி நடக்கிறேன், பாக்கிற பக்கமெல்லாம் முதுகு. இங்கயும் நான் நனைஞ்சு வந்தா சனங்க வழி விட்டுத் திரும்பிக்குவாங்கல்ல? மரியாதைக்குத்தான் திரும்புவாங்க. எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அது தாங்காது."

அன்று சுமங்கலிகள் உள்ளே வரவேண்டாம் என்று என்னை வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து நான் உள்ளே வந்தபோது கூடத்துத் தரையில் ஈரக் காலடிகள்தான் இருந்தன. யாரோ ஒருவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலை ஒன்றைத் தடுத்துவிட்டதற்காக நான் எவ்வளவு பெருமைப்பட்டிருந்தேன்! அந்தச் சில அடிகள் அவருக்குள் இன்னும் ஈரமாகவே இருந்தது எனக்குத் தெரியவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்தது. அழுதால் அண்ணி எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"எறங்குங்க" என்றேன். சண்டைக்காரக் குரலில்தான் வந்தது. "மேல வர்றதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். இப்ப எறங்குங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். எதையோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. பிறகு சேலையை அவிழ்த்து மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் படியில் இறங்கினார். இடுப்பு, மார்பு, கழுத்து. அதோடு ஆளைக் காணவில்லை. நான் பதறி எழுந்தேன். குளத்தின் அந்தப் பக்கத்தில் தலை எழும்பியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் அவர் மல்லாந்து மிதந்தார். அந்த நேரத்தைப் பற்றி எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் அவரை ஒரு பக்கம் கொண்டுபோய் விட்டது, மறுபடியும் கொண்டுவந்தது. நரைத்த கூந்தல் அவிழ்ந்து அவரைச் சுற்றிப் பரவியது. கண் மூடியிருந்தது. காதுகள் தண்ணீருக்குள் இருந்ததால் நான் கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. கப்பல் போகிறதா நிற்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவருக்கு வயதில்லை, சொந்தக்காரர்கள் இல்லை, செத்துப்போனவர்கள்கூட இல்லை என்று தோன்றியது. நான் தூங்கிவிட்டேனோ என்னவோ. விழித்தாலும் அவர் மிதந்துகொண்டிருந்தார்.

காற்று மாறியதும் கரையேறினார். ஏறிய உடனே அந்த முகம் போய்விட்டது. பல் கிடுகிடுக்க, இரண்டு கையாலும் மாரைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்து நின்றார். கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தேநீருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் விட்டுப்போன வெள்ளை அங்கி நாற்காலியில் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. என் பையிலிருந்த, பூ அச்சடித்த சிவப்பு பாத்தேக் கைலியை எடுத்து அவருக்கு மாரோடு ஏற்றிக் கட்டிவிட்டேன். முடிச்சை இரண்டு தடவை இறுக்கினேன்.

"எல்லாரும் போவட்டும். கொஞ்ச நேரம் நின்னு காயறேன்" என்றார்.

குளக்கரையில், தண்ணீரில் இறங்குமுன் எல்லாரும் நிற்க வேண்டிய ஷவர் ஒன்று இருந்தது. நான் போய் அதன் கீழே நின்றேன். நைட்டி, துண்டு, கொண்டை, பொட்டு எல்லாவற்றோடும் நின்று குழாயைத் திருகினேன். ஐயோ, அந்தச் சில்லிப்பு! ஆ என்று கத்திவிட்டேன். துண்டு மடிக்கிற ஊழியர் மடிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணி ஓடிவந்தார்.

"பைத்தியமா ஒனக்கு? என்னா செய்ற?"

"நானும் நனைஞ்சாச்சு. வாங்க, போலாம்."

 அண்ணி என் நெற்றியில் வழிந்த பொட்டைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார். நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். செருப்பு சளக் சளக் என்றது. கண்ணாடிக் கதவு திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. ஒரு சீனத் தம்பதி சுவரோரம் ஒதுங்கிப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அண்ணியின் விரல்கள் என் கையை நொறுக்கின. நான் விடவில்லை. லிஃப்ட் வந்தது. உள்ளே கிள்ளான் குடும்பத்து மருமகள் நின்றிருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் வாடாத தாலி. அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார். சுமங்கலியோடு ஒரே கூண்டுக்குள் ஏறுவதா என்று அவர் தயங்கியது எனக்குப் புரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கதவு மூடாமல் பிடித்துக்கொண்டு, "வாங்கக்கா, வாங்க, குளுருது பாருங்க" என்றாள். அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு கண் விரிய, "நீங்கதானே குளத்துல மெதந்துகிட்டு இருந்தது? நான் மாடியிலேருந்து பாத்தேன்கா. அது எப்படிக்கா மெதக்கிறது? எனக்கு மூழ்கிடுதே" என்றாள்.

அண்ணி என் கையை விட்டார். உள்ளே போனார். "ஒடம்ப விறைக்கக் கூடாதும்மா" என்று ஆரம்பித்தார். "தண்ணிய நம்பணும். மொதல்ல காதை உள்ள வுடணும், அதுக்குத்தான் எல்லாரும் பயப்படுவாங்க..." மல்லாந்து படுப்பதைக் கையை விரித்துக் காட்டினார். கைலியிலிருந்து தண்ணீர் அந்தப் பெண்ணின் காலில் தெறித்தது. அவள் கவனிக்கவில்லை. அவளும் கையை விரித்தாள்.

எங்கள் தளம் வந்தது. கதவு திறந்தது. அண்ணி முதுகைக் கதவுப் பக்கம் வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். கதவு மூடிக்கொண்டது. நானும் எங்கள் தளத்தின் பொத்தானை மறுபடி அழுத்தவில்லை.