செவலை போட்ட கன்றும் கஸ்தூரி பெற்ற பெண்ணும்

போன மாதம் ஒரு டிபன் கேரியர் ஒரு உயிரைக் காப்பாற்றியது. என் கண்ணால் பார்த்தேன். பார்த்தது மட்டுமா? அதில் இருந்ததில் பாதியைத் தின்றவளும் நான்தான்!

வழக்கமாக இந்தப் பக்கத்தில் என்ன எழுதுவேன்? கரண்ட் கட், டவுன் பஸ், என் வீட்டுக்காரரின் குறட்டை... இந்த வாரம் அதெல்லாம் கிடையாது. மனசு துள்ளிக்கொண்டிருக்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பச்சையம்மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். திருவண்ணாமலையில் எங்கள் தெருவுக்கே பால் ஊற்றுகிறவள் அவள்தான். வேங்கிக்காலில் வீடு, கொஞ்சம் நிலம், சில மாடுகள். இளம் வயதிலேயே புருஷனை இழந்து தாய்வீட்டுக்கு வந்தவள், தம்பி ஏழுமலையைப் பிள்ளை மாதிரி வளர்த்து, கீழ்பென்னாத்தூரில் பெண்ணெடுத்துக் கல்யாணமும் செய்து வைத்தாள். ஆள் குள்ளம். குரல் மட்டும் தெருக்கோடி வரை போகும். "பால்ல தண்ணி ஜாஸ்தியா இருக்கே" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்... அன்று முழுக்க எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

தம்பி மனைவி பெயர் கஸ்தூரி. அம்மா இல்லாத பெண். அதனால் பிரசவத்துக்குப் போகப் பிறந்தவீடு என்று ஒன்று இல்லை. நாத்தனார் பச்சையம்மாதான் அவளுக்கு எல்லாம். அண்ணி நில் என்றால் நிற்பாள், உட்கார் என்றால் உட்காருவாள். அவள் வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

கஸ்தூரிக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். வீட்டிலேயே பிரசவம். அத்தை பச்சையம்மா மடியில் போட்டுப் பேர் வைத்த அதே வாரம், கழிச்சல் கண்டு போய்விட்டான். அந்த மாதம் முழுக்க பச்சையம்மா பாலை அளந்து ஊற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவாள். அந்தக் குரல் இல்லாமல் எங்கள் தெருவே வெறிச்சென்று இருந்தது.

இந்தத் தடவை அவள் ரிஸ்க் எடுக்கவில்லை. வலி கண்டதும் கஸ்தூரியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். பெண் குழந்தை!

கேள்விப்பட்டதும் பிளாஸ்கில் காபியை ஊற்றிக்கொண்டு ஓடினேன். குழந்தை ரொம்பச் சின்னது. வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருந்தது. நர்ஸம்மா கட்டிலருகில் நின்று படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எடை கம்மியா இருக்குதும்மா. அடிக்கடி தாய்ப்பால் குடுங்க. வேற எதுவும் குடுக்கக் கூடாது. புரியுதா?"

"ஆவட்டுங்கம்மா" என்றாள் பச்சையம்மா. எவ்வளவு பணிவு தெரியுமா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நர்ஸம்மா தலை மறைந்தது. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைக் கிண்ணம் வெளியே வந்தது. உள்ளே சர்க்கரைத் தண்ணீர். துணியைத் திரியாகத் திரித்து, அதில் நனைத்து, குழந்தையின் உதட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். கஸ்தூரியை ஒருக்களித்து உட்காரவைத்து, ஊறியிருந்த பாலை ஒரு பழந்துணியில் பீச்சித் தள்ளினாள். கெட்டியாக, மஞ்சளாக, துணி முழுக்கப் பால்.

"என்ன பச்சையம்மா இது! இப்பத்தானே அந்தம்மா சொல்லிட்டுப் போனாங்க?"

"அவங்க சொல்லுவாங்க. இது கெட்ட பாலுங்க. ஒம்போது மாசமா உள்ளயே தேங்கிக் கெடந்தது. எப்டி மஞ்சளா கீதுனு பாருங்க! மூணு நாளு பீச்சி ஊத்திட்டா, அப்பறம் நல்ல பாலு வந்துடும்."

"அதுலதான் சத்தே இருக்கு. கொழந்தைக்கு நோய் வராம காப்பாத்துமாம். நான் படிச்சிருக்கேன். ஏன், நானே எழுதியிருக்கேன்!"

"நீங்க எத்தினி பெத்தீங்க?"

"ஒண்ணு..."

"எத்தினி பேருக்குப் பிரசவம் பாத்தீங்க?"

நான் பிளாஸ்க் மூடியைத் திருக ஆரம்பித்தேன்.

"காபிய குடுங்க" என்றாள்.

குடுத்தேன். வேறு வழி?

அன்று சாயங்காலமே ஏழுமலை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றான். வீட்டில் செவலை மாட்டுக்குக் கன்று போடுகிற நேரம் வந்துவிட்டது. செவலை பச்சையம்மாவைத் தவிர வேறு யாரையும் கிட்டே சேர்க்காது. தம்பியையே முட்டித் தள்ளிவிடும். "நான் வர்ற வரிக்கும் சக்கரத் தண்ணியே குடு. யார் பேச்சையும் கேக்காத" என்று கஸ்தூரியிடம் சொல்லிவிட்டு, சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டாள்.

நர்ஸம்மா அதட்டிப் பார்த்திருக்கிறார். கெஞ்சிப் பார்த்திருக்கிறார். கஸ்தூரியிடமிருந்து வந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "அண்ணி வரட்டும்."

மறுநாள் காலை நான் போனபோது குழந்தை சத்தமில்லாமல் கிடந்தது. சமர்த்தாகத் தூங்குகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வார்டு வாசலில் அந்தக் குரல்!

"கெடேரி கன்னு! என் செவல கெடேரி கன்னு போட்டுட்டா!"

பெண் கன்று பிறந்த பெருமை முகத்தில், கையில் டிபன் கேரியர். மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை வார்டையே தூக்கியது. சீம்பால்! வெல்லம் போட்டு வேகவைத்து, துண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கையில் ஒரு துண்டு வைத்தாள். எனக்கு ஒன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றாவதுக்கு நானே கையை நீட்டினேன். சீம்பால் விஷயத்தில் எனக்கு மானம், ரோஷம் கிடையாது.

"இவ்வளவுதானா? கொஞ்சம் ஜாஸ்தியா கறந்துட்டு வரக் கூடாதா பச்சையம்மா?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா கேட்டீங்க போங்க! கன்னுக்குட்டி என்னாத்த குடிக்கும்? கீழ விழுந்ததும் அதுக்கு ஊட்டிட்டு, மீந்ததத்தான் கறப்போம். மொதப் பாலு குடிக்காத கன்னு தேறாதுங்க. எழுந்தே நிக்காது. கழிஞ்சி கழிஞ்சே செத்துப் போயிடும்."

நான் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு மென்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. வாய் நிறைய சீம்பால் இருக்கும்போது மூளை எங்கே வேலை செய்யும்?

அந்த நேரம் நர்ஸம்மா வந்தார். குழந்தையின் பாதத்தைத் தொட்டவர் முகம் மாறிவிட்டது. உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை.

"இது தூக்கம் இல்லம்மா. சோர்ந்து போயிடுச்சு. காலெல்லாம் ஜில்லுனு இருக்கு." குரலில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. துணியை விலக்கி, குழந்தையைக் கஸ்தூரியின் மார்போடு சேர்த்து வைத்து, மேலே போர்த்தினார். "இப்பவாவது பால் குடுக்க விடுங்கம்மா. இப்டியே விட்டா கைய விட்டுப் போயிடும். டாக்டரம்மாவ கூட்டிட்டு வர்றேன்" என்று திரும்பி ஓடினார்.

பச்சையம்மாவின் கை தலையணைப் பக்கம் போனது. கிண்ணத்தைத் தேடியது. "ஒண்ணும் ஆவாது... சக்கரத் தண்ணி இன்னும் ரெண்டு சொட்டு வுட்டா..."

"அண்ணி."

யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தேன். கஸ்தூரி!

"செவலைக்கும் ஒம்போது மாசந்தானே, அண்ணி?"

பச்சையம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "என்னாடீ சொல்ற?"

"அதுக்கும் ஒம்போது மாசமா தேங்குன பாலுதானே? கன்னுக்கு மொதல்ல ஊட்டுனீங்களே... குடிக்கலன்னா கழிஞ்சி செத்துடும்னு சொன்னீங்களே..." குழந்தையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள். "பையன் அப்டித்தானே அண்ணி போனான்?"

பாதி கடித்த மூன்றாவது துண்டை நான் கீழே வைத்துவிட்டேன்.

"அது மாடுடீ..." என்று ஆரம்பித்தாள் பச்சையம்மா. முடிக்கவில்லை. கையிலிருந்த டிபன் கேரியரைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்... இல்லை, தம்பி பெண்டாட்டி என்று எழுத வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அவள் பார்த்த பார்வை, பெற்ற மகளைப் பார்க்கிற பார்வைதான். கேரியரை அப்படியே தரையில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"நர்ஸம்மா! எங்க போயிட்டீங்க? ஓடியாங்க! என் புள்ளைக்குப் பால் குடுங்க!"

நர்ஸம்மாவும் டாக்டரம்மாவும் ஓடிவந்தார்கள். குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. கஸ்தூரியிடமிருந்து பாலைப் பாலாடைச் சங்கில் பீச்சி எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அதே மஞ்சள் பால். முதல் சொட்டு கடைவாயில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. பச்சையம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன். அடுத்த கட்டில்காரி அவளுக்குத் தெரிந்த சாமியைக் கூப்பிட்டாள்.

அடுத்த சொட்டு... தொண்டை அசைந்தது!

"எறங்குதுடீ! எறங்குதுடீ!"

ஐயோ, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! என்னமோ ஏதோ என்று வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார். எழுந்து நடக்கக் கூடாதவர்களெல்லாம் எழுந்து வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். டாக்டரம்மா அத்தனை பேரையும் விரட்டினார். யாரும் நகரவில்லை. மத்தியானத்துக்குள் காலில் சூடு வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் குழந்தை தானே வாய் வைத்து உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. தேம்பித் தேம்பி அழுதேன்!

ஆனால் பச்சையம்மா அங்கே இல்லை.

வராந்தாவில், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். "ஏங்க... அப்ப அந்தப் பையனுக்கும் குடுத்திருந்தா பொழைச்சிருப்பானா?"

ஆமாம் என்று சொல்ல மனசு வரவில்லை. இல்லை என்று பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை. "தெரியலம்மா" என்றேன். அதுதான் உண்மையும்கூட.

"நாந்தாங்க பீச்சி ஊத்துனேன். என் கையாலயே..." என்றாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன். பச்சையம்மாவுக்கா தெரியாது? அவளுக்கு எல்லாம் தெரியும். அது மாட்டுக் கொட்டகையில் தெரியும், வீட்டுக்குள் வந்ததும் தெரியாது. அவ்வளவுதான்! டவுன்காரர்கள் மட்டும் ஒழுங்கா? பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆபீஸர் மனைவி. பத்தாங்கிளாஸ் பாடத்தில் தாய்ப்பாலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருப்பார். தலைமாட்டில் என்ன இருந்தது தெரியுமா? பளபளவென்று ஒரு பால் பவுடர் டப்பா! படித்ததைப் பரீட்சையோடு விட்டுவிட்டோம் நாம். பச்சையம்மா கொட்டகையோடு விட்டுவிட்டாள். நானோ எழுதிய பேப்பரோடு விட்டுவிட்டு, சீம்பால் தின்றுகொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிற வைபவம். வேங்கிக்காலுக்குக் குடும்பத்தோடு போனோம். பந்தல், மேளம் ஒன்றும் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அத்தைதானே மடியில் போட்டுக் காதில் பேர் சொல்ல வேண்டும்? அத்தையைக் காணோம்! பார்த்தால், பின்னால் மாட்டுக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருக்கிறாள்.

கஸ்தூரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். "வாங்க அண்ணி. எல்லாரும் காத்துங்கீறாங்க."

"வேணாண்டீ. வேற யாரையாவது சொல்லச் சொல்லு. நான் பேரு சொன்ன புள்ள நிக்கல."

"இது நிக்கும். நீங்கதான் சொல்லணும்."

சொன்னது மட்டுமில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுவீட்டில் உட்காரவைத்து, குழந்தையை மடியில் போட்டுவிட்டாள். நில் என்றால் நிற்கிற கஸ்தூரியா இவள்! பச்சையம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதருகில் குனிந்தாள்.

அந்த நேரம் பார்த்து, குழந்தை வீல் என்று கத்த ஆரம்பித்தது. முகமெல்லாம் சிவந்து, கையைக் காலை உதைத்து... அப்பப்பா, அத்தைக்குத் தப்பாத குரல்!

"யக்கா, நல்ல நேரம் முடியப் போவுது! சீக்கிரம் பேரைச் சொல்லுக்கா!" என்று பறந்தான் ஏழுமலை.

பச்சையம்மா நிமிர்ந்தாள். குழந்தையை அள்ளிக் கஸ்தூரி கையில் கொடுத்தாள்.

"பேரு எங்கடா ஓடிப் போவுது? மொதல்ல என் பொண்ணு பால் குடிக்கட்டும்!"

நல்ல நேரம் போயே போய்விட்டது. குழந்தை சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.