பியானோவுக்கு எதற்கு மூச்சு

என் அத்தானுக்கு எங்கள் குழுவில் 'ரப்பர்' என்று பெயர். எழுதுவதைவிட அழிப்பதுதான் அதிகம். பகலில் வாத்தியக் கடையில் சாக்ஸபோன் பழுது பார்ப்பார். மாலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பரோக் காலத்துப் பழைய ஐரோப்பிய வயலின் இசையை மூன்று சாக்ஸபோனுக்கும் ஒரு பியானோவுக்குமாகப் பிரித்து எழுதுவார். சாக்ஸபோன் ஊதுவது அவரும் அக்காவும் அவர்கள் மகளும். பியானோ, வேறு நாதியில்லாமல், நான்.

வயலின்காரனுக்கென்ன, வில்லை இழுத்துக்கொண்டே போவான். ஊதுகிறவளுக்கு மூச்சு வேண்டாமா? மூச்சு எடுக்கவேண்டிய இடத்திலெல்லாம் அத்தான் வரிக்கு மேலே பென்சிலால் ஒரு கமா போடுவார். அக்காவுக்கு நுரையீரல் கெட்ட பிறகு அந்தக் கமாக்கள் பெருகிக்கொண்டே போயின.

"இது பாட்டா, மளிகைச் சாமான் லிஸ்டா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் இன்னொரு கமாவைப் போட்டார். கமாவும் போதாமல் போனபோது, அவளுடைய நீண்ட சுரங்களைச் சத்தமில்லாமல் என் பக்கத்துக்கு மாற்றினார். அக்காவிடம் அது நடக்குமா? ஒத்திகையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"என் நோட்டையெல்லாம் இவனுக்குத் தாரை வார்க்கிறீங்களா? இருக்கிறதையே இவன் தப்புத் தப்பா வாசிக்கிறான்."

"உனக்கு முடியலையேம்மா."

"முடியலைதான். எல்லாத்தையும் எடுத்துக்குங்க. கடைசியில மெதுவா வருதே, அந்த எட்டு வரி மட்டும் எனக்கு. கச்சேரியில அதை நான்தான் ஊதுவேன்."

அதன் பிறகு தினமும் அவள் ஊதிப் பார்ப்பாள், எங்கே திணறுகிறாளோ அங்கே அவர் கமாவைத் தள்ளிப் போடுவார். அழித்து அழித்துத் தாள் நைந்துபோயிற்று.

கச்சேரிக்குச் சில நாள் முன்னால் அக்கா போய்விட்டாள். எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. எட்டு வரிதானே கேட்டாள்? அதைக்கூடவா அந்தக் கடவுள் கொடுக்கக் கூடாது?

கச்சேரியை நிறுத்த வேண்டாம் என்றாள் மகள். அத்தான் அந்த எட்டு வரியையும் எனக்கு எழுதிக் கொடுத்தார். கமாக்களும் அப்படியே வந்திருந்தன.

"பியானோவுக்கு எதுக்கு அத்தான் மூச்சு?"

ரப்பரை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"இருக்கட்டும்டா," என்றார்.

மேடையில் ஒவ்வொரு கமாவிலும் கையைத் தூக்கிக் காத்திருந்தேன். எனக்குப் பாடம் மறந்துவிட்டதென்று சபை நினைத்திருக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த இடங்களிலெல்லாம் என் பின்னால் அத்தான் மூச்சை இழுப்பது கேட்டது. அங்கே அவருக்கு ஊத ஒன்றும் இல்லை.