நெருப்பு சுடாத என் காலை ஆத்தா எனக்குக் காட்டினாள்

மாரியம்மன் கோயிலில் வெள்ளிதோறும் விளக்கேற்றும் அக்கா தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். எழுந்து நின்றால் பேச்சு வராது என்று தெரியும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

என் இடது காலில் மதமதப்பு ஆரம்பித்து மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும். முதலில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுப்பு. போகப்போக அந்தப் பாதம் என்னுடையதே இல்லை என்பது போல ஆகிவிட்டது. புதுச்சத்திரம் கடைவீதிக்குப் போய்விட்டு வரும் வழியில் செருப்பு கழன்று விழுந்திருக்கும். எனக்குத் தெரியாது. வீட்டு வாசலில் கால் கழுவும்போதுதான் பார்ப்பேன். திரும்பிப் போய்த் தேட உடம்பில் தெம்பு இருக்காது.

எங்களுக்கு மரவள்ளிக் காடும் இரண்டு மாடுகளும் உண்டு. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா. அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். புருஷன் இறந்த பிறகு அவர் எங்களோடுதான் இருக்கிறார்.

கால் மரத்துப்போகிறது என்றால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், சர்க்கரை இல்லை. இடுப்பு எலும்பு விலகி நரம்பை அழுத்தலாம் என்றார்கள். நாமக்கல்லுக்குப் போய்ப் படம் எடுத்தோம், அதிலும் ஒன்றுமில்லை. தைராய்டு பார்த்தார்கள். சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போய், காத்துக்கிடந்து, சாயங்காலம் வந்து பால் கறக்க வேண்டும். கணுக்காலுக்குக் கீழே தேமல் மாதிரி ஒரு வெளிறிய திட்டு இருந்தது. தேமல்தானே, அதை யாரிடமும் காட்டத் தோன்றவில்லை.

ஆத்தாவிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனேன். கடைசியில் எதுவும் கேட்காமல், விளக்கைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

போன வருஷம் மாசிப் பண்டிகையில் கோயில் வாசலில் பொங்கல் வைத்தோம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். நான் பானையைக் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பு அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சரசு, காலு மேல நெருப்பு கெடக்குது பாரு."

குனிந்து பார்த்தேன். அடுப்பிலிருந்து உருண்ட கங்கு ஒன்று என் இடது பாதத்தில் ஒட்டிப் புகைந்துகொண்டிருந்தது. கையால் தட்டிவிட்டேன். கைதான் சுட்டது.

"ஆத்தா அவ மேல எறங்கியிருக்கறா. அதான் சுடுல" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அப்படியேதான் நம்பினேன். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

சில நாளில் புண் சீழ் பிடித்து நாற்றமெடுத்தது. நங்கையா என் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆத்தா எறங்குன காலு இப்பிடி அழுகாது சாமி. கெளம்பு, ஆசுபத்திரிக்குப் போலாம்."

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் புண்ணைக் கழுவினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க அக்கா, வலிக்கலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார். டாக்டரம்மா புண்ணைவிட அந்தத் தேமலைத்தான் வெகுநேரம் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சு நுனியால் தொடுவேன், தொடும்போது சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"எப்பங்க தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"தொட்டுட்டுதாம்மா இருக்கேன்" என்றார்.

தோலில் சோதனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். அது தொழுநோய். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

பஸ்ஸில் வரும்போது ரொம்ப நாள் கழித்து ஆத்தாவிடம் வாய்விட்டுக் கேட்டேன். "கால் எப்படியோ போகட்டும். என் வீட்டில் என்னை ஒதுக்கி வைக்காமல் பார்த்துக்கொள்." அவ்வளவுதான் கேட்டேன். அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறைக்குள் போகவில்லை. தனியாக ஒரு தட்டும் டம்ளரும் எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். பயந்துவிட்டார் என்று புரிந்தது.

நங்கையா சோறாக்கி ஒரே தட்டில் போட்டுக் கொண்டுவந்தார். என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்தார். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"வேண்டாங்க நங்கையா."

"டாக்டரம்மா சொல்றப்ப நானும் பக்கத்துலதான நின்னேன். உனக்குக் காது அடச்சுப்போச்சு, நான் கேட்டுக்கிட்டேன். மாத்தர முழுங்க ஆரம்பிச்சுட்டா யாருக்கும் ஒட்டாதாம். ஒரு வருசம் உடாம முழுங்குனா கொணமாயிருமாம். மொத மாத்தர அங்கயே முழுங்கிட்டீல்ல? தின்னு."

நான் ஒரு வாய் தின்றேன். அதே தட்டில் அவர் மறுபடி கை வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமல், "டீ வெக்கலியா?" என்றார். அடுப்படிக்குப் போய் டீ வைத்தேன். வாங்கிக் குடித்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் கேட்டதை ஆத்தா கொடுத்துவிட்டாள்.

ஒரு வருஷம் லேசாகப் போகவில்லை. மாத்திரையால் உடம்பு கறுத்தது. சிறுநீர் சிவப்பாகப் போனது. ஏன் இப்படிக் கறுத்துவிட்டாய் என்று கேட்டவர்களிடம் வெயில் என்றேன். அசதியில் பல நாள் மாட்டின் மேலேயே சாய்ந்து நின்றிருக்கிறேன். ஆனாலும் மாதாமாதம் போய் மாத்திரை வாங்கினேன். இந்த மாசியோடு முடிந்தது. நோய் போய்விட்டது என்றார்கள். செத்த நரம்பு முழுதாகத் திரும்பாது என்பதையும் சொல்லிவிட்டார்கள். உள்ளங்கால் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, புண் ஏதும் உண்டா என்று கண்ணாடியில் பார்க்கிறேன். அதையும் பூஜை போலத்தான் செய்கிறேன்.

இதைப் படித்த பிறகு என் பக்கத்தில் உட்கார உங்களில் சிலருக்குக் கூச்சம் வரலாம். வந்தால் பரவாயில்லை. என்னைப் போல யாராவது ஒருத்தி சேலைக் கரைக்குள் ஒரு திட்டை மறைத்துக்கொண்டிருப்பாள் என்றுதான் எழுதினேன். கால் மரத்துப்போகக் காரணம் பல இருக்கின்றன. உன்னுடையது எது என்று எனக்குத் தெரியாது. ஆத்தாவை நம்பிக் கேள், அம்மா. கேட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கும் போ. தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல். பாலைக் கறந்து ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன். முதல் பஸ்ஸிலேயே போகலாம்.