கோபப் பால்

கோழிக்கடையில் அவளுக்குக் கத்தி என்று பெயர். வெட்டுகிற வேலையால் வந்த பெயர் என்று வாடிக்கைக்காரர்கள் நினைப்பார்கள். வாயாலும் கையாலும் வந்தது. பள்ளியில் ஒருத்தியின் முன்பல்லை உடைத்தவள். கல்யாணமான புதிதில், கை ஓங்கிய புருஷனின் கட்டைவிரலை மடக்கி ஒடித்தாள். அதற்கப்புறம் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். லாரி எடுத்துக்கொண்டு போனால் அவன் வாரக்கணக்கில் வரமாட்டான்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் அவனுடைய அக்கா. மதியம் பால் கொடுக்க ஓடி வரும் கத்தியை வாசலிலேயே மறிப்பாள்.

"இன்னிக்கு யாரை அடிச்ச?"

"யாரையும் இல்ல அண்ணி."

"மூஞ்சியே சொல்லுது. கோபத்தோட குடுத்தா பால் விஷம். பீய்ச்சி ஊத்திட்டு வா."

கத்தியும் அதை நம்பினாள். மார்பு கல்லாய்க் கனக்க, பின்பக்கச் சாக்கடையில் பீய்ச்சி விடுவாள். குழந்தைக்குப் புட்டியில் நீர்க்கக் கரைத்த டப்பாப் பால். கோழிக்கடையில் சண்டையில்லாத நாள் ஏது?

குழந்தையின் தொடையில் தோல் தொங்கியது. அழத் தெம்பில்லாமல் முனகியது. ஆஸ்பத்திரியில் தராசில் போட்டுப் பார்த்த நர்ஸ், என்ன கொடுக்கிறாய் என்று கேட்டாள். கத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

"கோபத்துல பால் கெடாதும்மா. பதறினா இறங்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். சாக்கடைக்குக் குடுக்கறதை உன் புள்ளைக்குக் குடு. தண்ணிகூட வேணாம். இன்னும் எடை இறங்கினா புள்ள தங்காது."

மறுநாள் மதியம் கிளம்பும்போது கடை முதலாளி வழியை மறித்தார்.

"ஊர்ல உனக்கு மட்டும்தான் மாரு இருக்கா?"

கையிலிருந்த உரித்த கோழியால் அவர் முகத்தில் அடித்தாள். கூண்டின் மேல் விழுந்தவருக்கு மூக்கு உடைந்தது. கடை அரிவாளை எடுத்துக்கொண்டு கத்தி வீட்டுக்கு நடந்தாள். சேதி அவளுக்கு முன்னால் போய்விட்டது. நாத்தனார் உள்ளே தாழ் போட்டிருந்தாள்.

"திறங்க அண்ணி."

"ஒருத்தன் மூக்கை உடைச்சிட்டு வந்து அந்தப் பாலையா குடுக்கப் போற? அடங்கிட்டு வா."

"கெடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"அவ என்ன பெத்துப் பாத்தாளா?"

உள்ளே குழந்தை முனகியது. தாழ் இருந்த இடத்தில் கத்தி அரிவாளை இறக்கினாள். பலகை பிளக்கும்வரை இறக்கினாள். ஒரு கையால் குழந்தையைப் பிடுங்கி, மறு கையால் நாத்தனாரின் முடியைப் பற்றிச் சுவரில் மோதினாள். உதடு கிழிந்தது. புட்டியை மிதித்து நசுக்கினாள்.

மரச்சிராய்களின் நடுவே உட்கார்ந்து குழந்தையை மாரில் போட்டாள். பால் இறங்கவில்லை. குழந்தை சப்பிச் சப்பி விட்டது. பிறகு இறங்கியது. திணறித் திணறி விழுங்கியது.

நாத்தனார் எதிரே சரிந்து உட்கார்ந்து, குழந்தையின் உதடு நீலம் பாய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை. குழந்தை ஏப்பம் விட்டது. மறுபடி குடித்தது.

"நிஜமாவே கெடாதா?"

"கெடாதாம்."

நாத்தனாருக்கு ஒரு பிள்ளை பிறந்து இறந்தது கத்திக்குத் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

"அப்ப என் புள்ள எதனால போச்சு? அன்னிக்கு அவரோட சண்டையில கட்டிப் புரண்டுட்டுதான் குடுத்தேன். நீதான்டி கொன்னேன்னு மாமியார் சொன்னா."

நாத்தனார் எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள்.

"யாராவது அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

மறுபடி அறைந்தாள். கத்தி குழந்தையின் தலையைக் கையால் மூடி, மறு மார்புக்கு மாற்றினாள்.