வறண்ட வானிலை வாரத்தில் திருவண்ணாமலைக்குப் போன கதை

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் ராஜபாளையத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போய் வந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, குன்றின் மேல் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலை. நம் வகுப்பில் பாதிப் பேர் வரும் சனிக்கிழமைகளில் போவீர்கள் என்பதால் நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பெரியப்பா எழுந்து வந்தால் இந்தத் தாள் அடுப்புக்குப் போகும்.

முதலில் வானிலை. போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். எனக்கு அதுதான் வினை.

எங்கள் வீட்டில் பேண்டேஜ் துணி வெளுத்துக் காயவைக்கும் தொழில். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து செய்கிறார்கள். மழை வந்தால் களத்தில் விரித்த துணி பாழ். அதனால் தினமும் சாயங்காலம் வானொலியில் வானிலை கேட்டுச் சொல்வது என் வேலை. சுருக்கினால் ஏதாவது விட்டுப்போகும் என்று வாசித்தபடியே சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமையும் சொன்னேன். “அடுத்த ஒரு வாரத்திற்குத் தென் மாவட்டங்களில் பெரும்பாலும் வறண்ட வானிலை நிலவும்.” பெரியப்பா “சரி, சரி” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். “ஓரிரு இடங்களில் மாலையில் மழை பெய்யக்கூடும்” என்பதை அவருடைய முதுகுக்குத்தான் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த அம்மா காதில் விழுந்திருக்கிறது.

காலை ஆறு மணி பஸ்ஸில் பெரியப்பா, அப்பா, அம்மா, நான் என நான்கு பேரும் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதினோரு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். ஜன்னலோரம் உட்காருங்கள், மேற்கு மலையிலிருந்து வரும் காற்று அந்த நேரத்தில் சுகமாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள், முக்கால் ரூபாய். கூட்டத்தில் ஏற முடியாவிட்டால் நடந்தே போகலாம். மூன்று நாலு கிலோமீட்டர்தான், இந்த வாரம் காலை வெயில் உறைக்கவில்லை.

ஆனால் பத்து மணிக்கு மேல் படிக்கட்டு சுடும். மொட்டை போட்ட பிள்ளைகள் எல்லாம் சந்தனத்தோடு துள்ளித் துள்ளித்தான் ஏறின. தரிசனம் முடிந்து மேலே நின்றபோது தெற்கே நம் ஊர்ப் பக்கம் கறுப்பாக ஒரு மேகம் தெரிந்தது. அப்பாவிடம் காட்டினேன். “அது மலைக்கு அந்தப் பக்கம் போயிரும்” என்றார். கீழே வந்து பொங்கல் வைத்துச் சாப்பிட்டுக் கிளம்பினோம்.

ஐந்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் புழுதி பறந்துகொண்டிருந்தது. அந்தப் புழுதிக்குள் ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகியது, ஜன்னலில் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள்.

“என்னப்பா, வண்டியைக் குளிப்பாட்டிக் கொண்டாரியளா?” என்று கேட்டார் அப்பா.

“ஊர்ல எம்புட்டு மழைங்கிய. செத்த நேரந்தான், ஆனா கொட்டித் தீத்துட்டு” என்றார் கண்டக்டர்.

பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. வழக்கமாக நான்கு மணிக்கெல்லாம் துணியைச் சுருட்டிவிடுவார்கள். அன்றைக்கு அவர் வேலையாட்களுக்கு மதியத்தோடு லீவு கொடுத்து, துணி ராத்திரியும் கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கே அது தெரியும்.

“ஏட்டி, நீதானே சொன்ன?”

“மழை பெய்யும்னும் சொன்னேன் பெரியப்பா. ஓரிரு இடங்களில்னு.”

“ஓரிரு இடம்னா எது? உன் வாய்க்குள்ளயா? நிலவும்னு சொன்னியா இல்லையா? ராத்திரி நிலா அடிக்கும்னா வானம் வெளுப்பாத்தானே இருக்கணும்?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பயத்தில் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “நிலவும்னா நிலா இல்ல பெரியப்பா. இருக்கும்னு அர்த்தம். வறண்ட வானிலை இருக்கும்.”

முன் சீட்டில் கூடையோடு இருந்த ஒரு பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். “நிலாவுல துணி காயப்போட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

பெரியப்பா சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து அப்பாவிடம் சொன்னார். “திங்கக்கிழமையில இருந்து இவ களத்துக்கு வரட்டும். படிச்சது போதும்.” அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். வாக்கியத்தைப் பாதியில் விட்டுப் போனவர் அவர். சொல்லுக்குத் தப்பாக அர்த்தம் பண்ணியவர் அவர். சிரித்தது ஊரார். பள்ளிக்கூடத்தை விட வேண்டியது நானா? இதைச் சத்தமாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். பதினோரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. வானொலி சொன்னது அப்படியே நடந்திருக்கிறது.

களத்தில் துணி சேற்றோடு சேறாகக் கிடந்தது. புண்ணில் கட்டுகிற துணியில் புள்ளிகூட இருக்கக் கூடாது. ஞாயிறு முழுக்க எல்லோரும் மறுபடி அவித்து அலசினோம், நானும்தான். சாயங்காலம் அலசி முடித்தபோது வானிலை நேரம் வந்தது. நான் மட்டும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து வாளியைத் தூக்கினேன்.

பெரியப்பா என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார். “ரேடியோவுல என்ன சொன்னான்னு அவளைக் கேளு.”

“அவ பேச்சாலதான் எல்லாம் போச்சுன்னு நேத்துச் சொன்னிய” என்றார் அம்மா.

“கேளுன்னா கேளு.”

வாளியைக் கீழே வைத்தேன். “நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை பெரியப்பா. போகச் சொன்னா சொல்லுதேன்.”

அப்பா பிழிந்துகொண்டிருந்த துணியை விடாமல், “போகட்டும்ணே” என்றார். பெரியப்பா வானத்தைப் பார்த்தார். ஈரத் துணி குவியலாகக் கிடந்தது. கடைசியில், “பரீட்சையை எழுதட்டும். மத்ததைப் பொறவு பாத்துக்கிடுவோம்” என்றார். நான் சொன்னேன். இந்த முறை கடைசி வார்த்தை வரை நின்று கேட்டார்.

போகிறவர்களுக்கு: காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். பத்து மணிக்குள் படியிறங்கிவிடுங்கள். வறண்ட வாரம் என்றாலும் குடை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது வானிலை சொல்வதானால் வாசலை மறித்து நின்று சொல்லுங்கள்.

பொறவு என்றால் என்றைக்கு என்று பெரியப்பா சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அறிவியல் பரீட்சை. நாளைச் சாயங்காலமும் வானிலை கேட்டுவிட்டு, சொல்வதற்கு முன்னால் அதற்கும் போகச் சொல்லிக் கேட்பேன்.