முனியப்பன் திறந்து காட்டாத வாய்

மாட்டுத் தரகர் முனியப்பனைக் கொன்றது பல்வலி அல்ல. மத்தூர் வாரச்சந்தையில் நாங்கள் பேசிய பேச்சு. பர்கூர் பஸ்ஸில் வந்திறங்கிய அவருடைய மைத்துனர் என் கயிற்றுக்கடை முன் நின்று, "மச்சான் போயிட்டாருங்க" என்றார். "எந்த மச்சான்?" என்று கேட்டேன். அவருக்கு இருந்தது ஒரே மச்சான்தான்.

வயதறியக் காளையின் உதட்டைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்து, "நாலு பல்லு" என்பார் முனியப்பன். அதற்கு மேல் பேச்சில்லை. தூரத்தில் நின்று வயது கேட்பவர்களிடம், "வாயைத் தொறந்து பாக்காம நான் எதுவும் சொல்றதில்ல" என்பார்.

அவருடைய கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையானபோது நான்தான் பெங்களூருக்கு அழைத்துப் போனேன். பல் டாக்டர் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார்: பல்லைப் பிடுங்க வேண்டாம், வேர் வைத்தியம் செய்யலாம். அன்று பல்லைத் துளைத்து மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தார். இன்னும் இரண்டு முறை வரச் சொன்னார்.

அடுத்த சந்தையில் அவருக்கு வலி இல்லை. "வேரைப் புடுங்கினா கண்ணு போயிரும் மாமா. அப்பறம் மாட்டுக்கு எத்தன பல்லுன்னு எங்களத்தான் கேக்கணும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கண்தான் அவர் பிழைப்பு.

"வேரை யாரும் பிடுங்கவில்லை. வேருக்குள் அழுகியதை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது" என்றேன்.

"வலிதான் போச்சேண்ணா. வலிக்காத பல்லுக்கு எதுக்கு வைத்தியம்?"

வலி போனாலும் அழுகல் உள்ளே இருக்கிறது என்றேன். அவர் கேட்கவில்லை, மறுபடி பெங்களூருக்கு வரவும் இல்லை. கோபித்துக்கொண்டு மூன்று சந்தை அவரோடு பேசாமல் இருந்தேன். அந்த மூன்று சந்தைக்குள் தாடைக்கடியில் வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றுவிட்டது. பல்லால் மனிதன் சாவான் என்று இன்னமும் என்னால் நம்ப முடியவில்லை.

வாயைத் திறந்து பார்க்காமல் எதுவும் சொல்வதில்லை என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் வைத்துக்கொள்கிறேன். பார்க்காமல் பேசியவர்கள், பேசிய அதே இடத்தில் நின்று அது பொய் என்று சொல்ல வேண்டும். டாக்டர்கள் வேர் என்று சொல்லும்போதே, அதைப் பிடுங்குவதில்லை, வேர் தாடையிலேயே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வலி நின்றவர்கள் பாதியில் நிற்காமல் கடைசி அடைப்புவரை போக வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவே மைத்துனர் பல்வலிக்குக் கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நாளைக்கே முதல் பஸ்ஸில் பெங்களூருக்கு வர வேண்டும். நான் கோபப்படாமல் மூன்று முறையும் கூடப் போக வேண்டும்.